யார் கையில கேமரா?



இந்த வாரம் ஒரு சின்ன வேலை. பீரோ மேல, பழைய போர்வைக்கும் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கும் நடுவுல தூங்கிக்கிட்டு இருக்கிற வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் இறக்குங்க. தூசி தட்டுங்க. அநேகமா அதுல ஒரு போட்டோ இருக்கும். மூணு வயசுக் குழந்தை. பட்டுப் பாவாடை, கண்ணு நிறைய மை, கன்னத்துல திருஷ்டிப் பொட்டு, நெத்திச்சுட்டி, தலை கொள்ளாம பூ தைச்ச ஜடை. அந்த ஜடையும் தெரியணும்னு ஸ்டூடியோக்காரர் பின்னாடி ஒரு கண்ணாடி வெச்சு எடுத்திருப்பார்.

யாருன்னு பார்த்தா உங்க அண்ணன்! இல்லைன்னா உங்க மாமா. அதுவும் இல்லைன்னா... சாட்சாத் நீங்களேதான் பாஸ்!

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பசங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். திருத்தணி முருகனுக்கு முடி கொடுக்கறதா வேண்டிக்கிட்டுக் குழந்தைக்கு முடி வளர்ப்பாங்க. மொட்டை போடறதுக்கு முன்னாடி, 'இவ்ளோ அழகான முடி, ஒரே ஒரு தடவை பொண்ணு மாதிரி ஜோடிச்சுப் பார்த்துடலாமே'னு அம்மாவுக்கோ அத்தைக்கோ ஆசை வரும். அவ்வளவுதான், வீடே கூடி நின்னு ரசிக்கும். பாட்டி திருஷ்டி சுத்திப் போடுவாங்க. அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டின வீடுகளும் உண்டு.

இப்ப அதே பையனுக்குப் பத்தொன்பது வயசுன்னு வெச்சுக்குவோம். காலேஜ் செகண்ட் இயர். யாரும் சொல்லாம, அவனே ஆசைப்பட்டுக் கண்ணுக்கு மை போட்டு, செல்போன்ல தன்னையே ஒரு போட்டோ எடுத்துக்கறான். அது அப்பா கண்ணுல பட்டா?

வீடு ரெண்டாயிடும்.

அதே முகம். அதே மை. நடுவுல அப்படி என்னதான் மாறிச்சு? இந்த வாரம் நம்ம மேட்டர் இதுதான்.

வேஷம்னா ஓகே!

ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டறது நம்ம ஊருக்குப் புதுசில்லை. நம்ம வடக்கு மாவட்டங்கள்ல துரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பாரதக் கூத்து இல்லாம இருக்காது. கூத்துல திரௌபதியா வந்து கூந்தலை விரிச்சுப் போட்டு சபதம் பண்றவரு, காலங்காலமா ஓர் ஆம்பளைதான். கதையிலயும் என்ன? வில்லுக்கு விஜயன்னு பேர் எடுத்த அர்ச்சுனன், அஞ்ஞாதவாச வருஷத்துல பிருகன்னளையா மாறி விராட ராஜா வீட்டுப் பொண்ணுக்கு டான்ஸ் சொல்லிக் கொடுக்கறான். விடிய விடிய உட்கார்ந்து கேட்கற நம்ம தாத்தாக்கள் யாரும் அதுக்காக அர்ச்சுனனைக் கலாய்ச்சதில்லை.

நாடகத்துக்கு வாங்க. அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகள்ல பொண்ணு வேஷம் போடற பசங்களுக்கு 'ஸ்திரீபார்ட்'னு தனிப் பேரே இருந்தது. டி.கே.சண்முகம் ஔவையார் வேஷத்துல அப்படி வெளுத்து வாங்க, கடைசி வரைக்கும் அவர் பேரே 'ஔவை சண்முகம்' ஆயிடுச்சு. இந்தப் பக்கம் கே.பி.சுந்தராம்பாள். 1935ல வந்த 'பக்த நந்தனார்' படத்துல நந்தனாரே அவங்கதான். ஒரு பெண், ஆண் வேஷத்துல ஹீரோ! அதுக்கு வாங்கின சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்!

இன்னிக்குக் காலையில ஷிஃப்ட்டுக்குக் கிளம்பற கம்பெனி பஸ்ஸைப் பாருங்க. கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபேக்டரிகள்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பேன்ட், ஒரே சட்டை, ஒரே தொப்பி. வீட்டுல தாவணியையே ஒழுங்கா போடச் சொல்லி அதட்டற அப்பாவும், 'கம்பெனி யூனிஃபார்ம்'னா வாயைத் திறக்க மாட்டார்.

கவனிச்சீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அம்மா போட்டு விட்டா ஓகே. கூத்து வாத்தியார் போட்டு விட்டா ஓகே. டைரக்டர் சொன்னா ஓகே. கம்பெனி சொன்னா டபுள் ஓகே. 'இது எனக்குப் பிடிச்சிருக்கு, நானா போட்டுக்கறேன்'னு சொன்னாதான் பிரச்னை! அப்படின்னா இந்த ஊருக்குத் துணியிலயோ மையிலயோ கோபம் இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கற கை யாருடையதுங்கறதுலதான் கோபம்.

போட்டோவும் அதே கதைதான்.

அளவெடுத்த கேமரா

கேமரா இந்தியாவுக்கு வந்த புதுசுல, அது பெரும்பாலும் அதிகாரத்துல இருக்கறவங்க கையிலயும் பணக்காரங்க கையிலயும்தான் இருந்தது. 1868ல இருந்து 1875க்குள்ள பிரிட்டிஷ் அரசு 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'ன்னு எட்டு வால்யூம் போட்டது. இந்த ஜாதிக்காரங்க இப்படி இருப்பாங்க, அந்த இனத்துக்காரங்க அப்படி இருப்பாங்கன்னு பூச்சிகளுக்கு லேபிள் ஒட்டற மாதிரி மனுஷங்களுக்கு ஒட்டினாங்க. போட்டோவுல நிக்கறவங்ககிட்ட 'நீங்க யாரு?'ன்னு கேட்டு எழுதின புக் இல்லை அது.

அதே காலத்துல, 1871ல குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. கைரேகைச் சட்டம்னு நம்ம பக்கம் வரலாறு பேசறவங்க சொல்வாங்களே, அதேதான். அதுக்கு ரெண்டாவதா ஒரு பகுதி இருந்ததுங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. வட இந்தியாவுல ஹிஜ்ராக்களைப் பதிவேட்டுல ஏத்திக் கண்காணிக்கற பகுதி அது. அப்படிப் பதிவான ஒருத்தர் பெண் உடையில பொது இடத்துக்கு வந்தா, வாரன்ட் இல்லாமலே கைது பண்ணலாம். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஒரு சேலைக்கு ரெண்டு வருஷம்!

அந்தச் சட்டம் போயிடுச்சு. பார்வை போச்சா? ஒவ்வொரு சித்திரையிலயும் கூவாகம் திருவிழாவுல திருநங்கைகளைச் சுத்தி நிக்கற கேமராக் கூட்டத்தைப் பாருங்க. அலங்காரம் பண்ணும்போது ஒரு க்ளிக். தாலி கட்டும்போது ஒரு க்ளிக். மறுநாள் தாலி அறுத்து அழும்போது நூறு க்ளிக். நல்ல மனசோட எடுக்கறவங்களும் அதுல உண்டு. ஆனா எந்த நொடி படமாகணும், எது ஆகக் கூடாதுன்னு முடிவு பண்றது அழறவங்க இல்லை. எடுக்கறவங்க.

அதனாலதான் கேமரா கை மாறுறது பெரிய விஷயம். மும்பை லோக்கல் ட்ரெயின்ல காசு கேட்டு வாழ்ந்த திருநங்கை ஜோயா தாமஸ் லோபோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேமரா வாங்கினாங்க. 2020 ஏப்ரல்ல, லாக்டவுன் சமயம், பாந்த்ரா ஸ்டேஷன் பக்கம் ஊருக்குப் போக வழியில்லாமத் திரண்ட வெளிமாநிலத் தொழிலாளர்களைப் படம் எடுத்தாங்க. அந்தப் படங்கள் மூலமா போட்டோ ஜர்னலிஸ்ட்டாவே பேர் வாங்கினாங்க. நேத்து வரைக்கும் ட்ரெயினே அவங்களை முறைச்சுப் பார்த்தது. இப்ப பார்க்கறது அவங்க!

தன்னையே எடுத்த கிளாட்

அடுத்தவங்களைப் படம் எடுக்கறது ஒரு வகை. தன்னைத் தானே எடுத்துக்கறது இன்னொரு வகை. செல்ஃபி நேத்து வந்த சமாசாரம்னு நினைக்காதீங்க. 1839லயே அமெரிக்காவுல ராபர்ட் கார்னீலியஸ்னு ஒருத்தர் கேமராவைத் திறந்து வெச்சுட்டு, ஓடிப் போய் முன்னாடி நின்னு தன்னை எடுத்துக்கிட்டார். ஆனா 'நான் யாரு?'ன்னு கேட்கறதுக்காகவே தன்னைத் திரும்பத் திரும்ப எடுத்த ஒருத்தர் பிரான்ஸ்ல இருந்தார்.

1894ல நாந்த் நகரத்துல பிறந்தப்போ வெச்ச பேர் லூசி ஷ்வோப். இருபது வயசையொட்டி அந்தப் பேரை விட்டுட்டு 'கிளாட் காஹூன்' ஆயாச்சு. பிரெஞ்சுல கிளாட்ங்கறது ஆணுக்கும் வைக்கற பேர், பெண்ணுக்கும் வைக்கற பேர். நம்ம ஊர்ல வசந்த வசந்தான்னு மாத்த வேண்டிய அவசியமே இல்லாத பேர்! 1920கள்ல எடுத்த படங்களைப் பார்த்தா அசந்து போவீங்க. ஒண்ணுல தலையை மழிச்சு, கோட் போட்டு நிக்கற உருவம். ஒண்ணுல கன்னத்துல ஹார்ட்டின் வரைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பளுதூக்கும் வீரர். இன்னொண்ணுல கண்ணாடி பக்கத்துல நின்னுக்கிட்டு, கண்ணாடியைப் பார்க்காம நம்மைப் பார்க்கற முகம். ஆணா, பெண்ணா? எந்தப் படமும் பதில் சொல்லாது. 'அதை ஏன் முதல் கேள்வியா கேட்கறே?'ன்னு திருப்பிக் கேட்கும்.

பல படங்கள்ல பட்டனை அமுக்கினது, வாழ்நாள் துணையா இருந்த மார்செல் மூர்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ரெண்டு பேரும் 1937ல ஜெர்சி தீவுக்குக் குடி போனாங்க. தீவை ஹிட்லர் படை பிடிச்சது. இவங்க சும்மா இருக்கலை. ராணுவத்துக்கு எதிரா துண்டுச் சீட்டு எழுதி, ஜெர்மன் சிப்பாய்களோட கைக்குக் கிடைக்கற மாதிரி ரகசியமா விட்டு வெச்சாங்க. 1944ல கைது. மரண தண்டனை. ஆனா அது நிறைவேறலை. 1945 மே மாசம் தீவு விடுதலையானப்போ இவங்களும் வெளிய வந்தாங்க.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. கிளாட் இறந்தது 1954ல. அந்தப் படங்கள்ல பெரும்பாலானதை அதுவரைக்கும் உலகம் பார்க்கவே இல்லை. முப்பது வருஷம் கழிச்சுத்தான் ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிச்சாங்க. லைக்குக்காக எடுத்த படங்கள் இல்லை அவை. தனக்காக எடுத்த படங்கள்.

லேபிளை கிழிச்ச புஷ்பமாலா

நம்ம பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா. 2000ல இருந்து 2004 வரைக்கும், போட்டோகிராஃபர் கிளேர் அர்னியோட சேர்ந்து 'தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்'ங்கற மாதிரி ஒரு தலைப்புல ஒரு படவரிசை செஞ்சாங்க. தலைப்பைப் படிச்சாலே அந்த எட்டு வால்யூம் ஞாபகம் வருதில்ல? வேணும்னேதான்! ரவிவர்மா ஓவியத்துப் பெண்ணா ஒரு படத்துல புஷ்பமாலா. வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் கட்டம் போட்ட திரை முன்னாடி நிக்க வெச்சு அளவெடுத்த பழங்குடிப் பெண்ணா இன்னொண்ணுல புஷ்பமாலா. எல்லா வேஷமும் அவங்களே.

ஒரே முகத்தை இத்தனை 'அசல் தென்னிந்தியப் பெண்'ணாப் பார்க்கும்போது நமக்கு ஒரு விஷயம் உறைக்குது. 'பெண்ணுன்னா இப்படி'ங்கறதே யாரோ செட்டு போட்டு, லைட்டு போட்டு, போஸ் சொல்லிக் கொடுத்து எடுத்த படம்தானே! பெண்ணுக்கு மட்டுமா? மீசையை முறுக்கி, புல்லட் மேல சாஞ்சு, கூலிங் கிளாஸோட டி.பி. வைக்கறீங்களே, அந்த 'ஆம்பளை' போஸை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எந்தப் படத்தோட இன்டர்வெல் சீன் அது? யோசிங்க பாஸ்!

உங்க கதைக்கு வருவோம்

இதைப் படிக்கற உங்கள்ல யாரோ ஒருத்தர் பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுட்டு, அக்கா பொட்டை நெத்தியில வெச்சு ஒரு படம் எடுத்து, உடனே டெலீட் பண்ணியிருக்கலாம். யாரோ ஒரு பொண்ணு முடியை உள்ள சுருட்டி வெச்சு, அண்ணன் சட்டையைப் போட்டு, கண்ணாடியில பார்த்து 'அட, இதுதான் நான் போல இருக்கே'ன்னு நினைச்சிருக்கலாம். உங்களுக்குத்தான் இந்த பாரா.

கண்ணாடியில தெரியற முகத்துல இடது வலது மாறி இருக்கும். அதைத்தான் நாம தினமும் பார்த்துப் பழகியிருக்கோம். அதனாலதான் அடுத்தவங்க எடுத்த போட்டோவுல 'இது நான் மாதிரியே இல்லையே'ன்னு தோணுது. 1977ல அமெரிக்காவுல இதை வெச்சு ஒரு சோதனையே பண்ணினாங்க. பெரும்பாலும் அவங்கவங்களுக்குக் கண்ணாடி பிம்பம்தான் பிடிச்சது. ஃப்ரெண்ட்ஸுக்கு நேர் படம் பிடிச்சது. ஆக, நீங்க பார்க்கற 'நீங்க' வேற, ஊர் பார்க்கற 'நீங்க' வேற. ரெண்டுக்கும் நடுவுல, நீங்களே யோசிச்சு எடுக்கற படம் மூணாவது. அதுல லைட் எங்கேருந்து வரணும், என்ன சட்டை, சிரிக்கணுமா வேண்டாமா, எல்லாம் உங்க முடிவு. இருபது வயசு வரைக்கும் ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்து காலேஜ் டிபார்ட்மென்ட் வரைக்கும் அடுத்தவங்க முடிவுலயே வளர்ந்த நமக்கு, இது சாதாரண விஷயம் இல்லை.

அதுக்காக ஒரே படத்துல 'நான் இதுதான்'னு சத்தியம் பண்ண வேண்டாம். மை போட்டுக்கற பையன் எல்லாம் திருநங்கை இல்லை. கிராப் வெட்டிக்கற பொண்ணு எல்லாம் திருநம்பி இல்லை. சிலர் ஆமா. அவங்களுக்கு இந்தப் படங்கள் முதல் கண்ணாடி. சிலருக்கு எந்தப் பெட்டியிலயும் அடங்காம இருக்கறதே பிடிக்கும். சிலர் சும்மா பார்த்துட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. நாலும் நியாயம்தான். 2014 ஏப்ரல் 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் நால்ஸா வழக்குல சொன்னதும் இதோட வேர்தான்: ஒருத்தர் தன் பாலினம் என்னன்னு தானே சொல்றதை மதிக்கணும், அது அவங்க கண்ணியத்தோட சேர்ந்த உரிமை.

'டாக்டர்கிட்ட கூட்டிப் போனா சரியாயிடும்'னு வீட்டுல ஆரம்பிச்சா, இதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை ஹைகோர்ட் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, இப்படி 'மாத்தறதுக்கு' வைத்தியம் பண்ற முயற்சிகளைத் தடை செஞ்சது. அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம், அது டாக்டர் தொழில் நெறிக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. நோயே இல்லாத இடத்துல வைத்தியம் எதுக்கு?

முகம் காட்டியே ஆகணுமா?

கிடையவே கிடையாது! டெல்லியில பிறந்த போட்டோகிராஃபர் சுனில் குப்தா 1980கள்ல 'எக்ஸைல்ஸ்'னு ஒரு படவரிசை எடுத்தார். தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள், டெல்லியோட பழைய கோட்டைகள், கல்லறைகள் பக்கத்துல. நிறைய படங்கள்ல முகமே தெரியாது. முதுகு, தோள், நிழல். அப்ப இருந்த பயம் அப்படி. இருபது வருஷம் கழிச்சு 2007ல அவரே இன்னொரு வரிசையை ஆரம்பிச்சார். அதுல தெருவுல நின்னு, நேரா கேமராவைப் பார்த்து, சொந்தப் பேரோட நின்னாங்க. 377ஆம் பிரிவுல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பர் 6ஆம் தேதி. முகம் திரும்பறதுக்கு ஒரு நகரத்துக்கே இத்தனை காலம் ஆச்சு. பள்ளிப்பட்டுல, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச தெருவுல, நீங்க நாளைக்கே முகம் காட்டணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கை மட்டும் எடுங்க. சுவத்துல விழற நிழலை எடுங்க. அதுவும் நீங்கதான்.

இப்ப கொஞ்சம் சீரியஸா, நோட் பண்ணிக்கங்க:

ஒண்ணு, போன்ல எடுத்தது போன்லயே இருக்கும்னு நம்பாதீங்க. ஆட்டோ பேக்கப் ஆன்ல இருந்தா, அதே அக்கவுன்ட் போட்ட வீட்டு டேப்லயும் டி.வி.யிலயும் படம் வந்து நிக்கும். முதல்ல அதைச் செக் பண்ணுங்க. நிறைய போன்கள்ல பூட்டு போட்ட ஃபோல்டர் வசதி இருக்கு, அதுல வைங்க.

ரெண்டு, படத்தோட சேர்த்து எடுத்த இடமும் பதிவாகும். கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணுங்க. பின்னாடி தெரியற காலண்டர், கடை போர்டு, ஐ.டி. கார்டு எல்லாம் உங்க அட்ரஸ்தான்.

மூணு, முகமே தெரியாத ஆன்லைன் நண்பருக்கு அனுப்பாதீங்க. படத்தை வெச்சு யாராவது மிரட்டினா, அது உங்க தப்பு இல்லை, அவங்க செய்யற குற்றம். பணம் கொடுத்து வாயை அடைக்கப் பார்க்காதீங்க, அந்த வாய் அடையாது. மெசேஜை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சு சைபர் கிரைம் போலீஸ்ல புகார் பண்ணுங்க. மனசு ரொம்ப கனத்துப் போச்சுன்னா 14416க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ்னு பேர், ராத்திரி பகல் எப்ப வேணா பேசலாம், காசு கிடையாது.

கடைசியா, மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை

'எனக்கு இதெல்லாம் இல்லைப்பா, ஸ்கிப்'னு போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தக் கட்டுரையில பாதி உங்களுக்குத்தான்!

கேன்டீன்லயோ, திருத்தணி பஸ்ல ஜன்னலோர சீட்லயோ, உங்க ஃப்ரெண்ட் ஒரு நாள் போனைத் தயங்கித் தயங்கி நீட்டுவான். இல்ல, நீட்டுவா. அதுல இதுவரைக்கும் நீங்க பார்த்தே இராத ஒரு முகம் இருக்கும். அந்த அஞ்சு செகண்ட்ல உங்க மூஞ்சி போற போக்கைத்தான் எதிர்ல இருக்கறவங்க பார்த்துக்கிட்டு இருப்பாங்க, போனை இல்லை.

'மச்சி, செம காமெடி, குரூப்ல போடுறா'ன்னு சொல்லலாம். அது ஜாலி இல்லை, ராகிங். யு.ஜி.சி. 2016லயே தன் விதிகளைத் திருத்தி, திருநர் உட்பட பாலினத்தை வெச்சோ, பாலின ஈர்ப்பை வெச்சோ, தோற்றத்தை வெச்சோ ஒரு மாணவரைக் கேலி செய்யறதும் ஒதுக்கறதும் ராகிங்தான்னு தெளிவா எழுதிடுச்சு. புகார் சொல்ல 1800 180 5522. வேடிக்கை பார்த்தவங்களும் பேசலாம்.

இல்லைன்னா, 'லைட்டிங் நல்லா இருக்குடா. யார் எடுத்தது?'ன்னு கேட்கலாம்.

'நானேதான்'னு பதில் வரும். அதைக் காது கொடுத்துக் கேளுங்க. போதும்.

அடுத்த வாரம் வேற மேட்டரோட சந்திப்போம்!